அவசரமில்லாத மேசை

நாகர்கோவில்காரர்களுக்குத் திருத்தணியை இரண்டு வழியில்தான் தெரியும். மேடையேறுகிறவர்கள் ‘குமரி முதல் திருத்தணி வரை’ என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார்கள். அது ஒன்று. கோடைகாலச் செய்தியில் வெயில் கொளுத்திய ஊர்களின் பட்டியலை வாசிக்கும்போது முதல் வரிசையில் அந்தப் பெயர் வரும். அது இன்னொன்று. மே மாதக் கடைசியில், அந்த வெயிலுக்குள் நானே போய் இறங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் ஊர் தமிழ்நாட்டின் அந்தக் கோடி, இது இந்தக் கோடி. இரண்டுமே அடம்பிடித்துத் தமிழ்நாட்டோடு வந்து சேர்ந்த ஊர்கள் என்பதைத் தவிர எந்த ஒட்டுறவும் கிடையாது. என்னைப் பொறுத்தவரை இது வெளிநாட்டுப் பயணம்தான்.

போகவைத்தவன் என் தம்பி சுயம்பு. அவனும் மனைவியும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. மகள் தர்ஷினி தாயோடு அம்பத்தூரில் இருக்கிறாள். பத்தாவது முடித்துவிட்டுப் பிளஸ் ஒன் போகப்போகிறாள். சுயம்புவுக்குத் திருத்தணியில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை கிடைத்து, இரண்டு அறை கொண்ட வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தான். அந்த வீட்டுக்கு மகள் முதல்முறையாக வருவதாக ஒப்புக்கொண்டாள், சனிக்கிழமை. தாய் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். வீட்டைப் பார்; தங்கலாம் போல இருந்தால் ராத்திரி தங்கு, இல்லையென்றால் சாயங்கால ரயிலில் திரும்பி வந்துவிடு.

திங்கட்கிழமை தம்பி போன் செய்தான்.

"எக்கா, அவ ஒரே ஒண்ணுதான் கேட்டா. ‘அங்க எழுதுறதுக்கு மேசை இருக்காப்பா?’ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"இருக்கு மக்ளே, நல்ல மேசைன்னு சொல்லிட்டேன்."

"இருக்கா?"

"ரெண்டாவது ஸ்பூனே இல்லக்கா."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் தம்பி குடித்தவன் இல்லை, கை நீட்டியவன் இல்லை. இல்லாததை ‘இருக்கு’ என்றும், செய்யாததை ‘செஞ்சாச்சு’ என்றும் சொல்லிச் சொல்லியே ஒரு குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டவன். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. எதிரில் இருப்பவர் முகம் வாடக்கூடாது என்று சொல்வான். பிறகு இரண்டு மடங்கு வாட வைப்பான். வந்து பார்க்கும் பெண் மேசை இல்லையென்று கண்டால் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் அதற்குமேல் எந்தச் சாட்சியும் வேண்டாம்.

"சனிக்கிழமைக்குள்ள மேசை இருக்கும். போனை வை" என்றேன்.

எனக்கு இந்த வேலையைக் கொடுத்ததில் ஒரு நியாயம் உண்டு. பழைய சாமான் கடை என்றால் நான் சோறு தண்ணீர் மறப்பவள். என் வீட்டில் புதிதாக வாங்கியது எது என்று கேட்டால் என் வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியைத்தான் காட்ட முடியும்.

புதன்கிழமை காலை திருத்தணியில் இறங்கியதும் ரயிலடிக்குப் பக்கத்துக் கடையில் இட்லிக்கு உட்கார்ந்தேன். "வடகறி ஊத்தட்டுங்களா?" என்றார் பரிமாறுகிறவர். எங்கள் ஊரில் வடையைத் தின்போம், கறியைத் தின்போம், இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்ததில்லை. மிஞ்சிய வடையை உதிர்த்துப் போட்டு மசாலாவில் கொதிக்கவிடுவார்களாம். அசடு வழிய இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பழசைப் புதுசாக்குகிற புத்தி இந்த ஊரில் காலைச் சாப்பாட்டிலேயே தொடங்கிவிடுகிறது. எதிர் மேசையில் மலையில் முடி கொடுத்துவிட்டு வந்த குடும்பம் ஒன்று, ஐந்து மொட்டைத் தலைகளிலும் சந்தனம் பூசிக்கொண்டு, தெலுங்கில் சட்னிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்து ஆட்டோக்காரரிடம், "ஆக்கர் கடை எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆக்கரா? அது இன்னா கட, பிரியாணிக் கடயா?"

பழைய சாமான் வாங்கி விற்கிற கடை என்று விளக்கினேன்.

"காயலாங்கடன்னு சொல்லுங்கோ. போட்டுட்டு வரப் போறீங்களா, எடுத்துகினு வரப் போறீங்களா?"

"எடுத்துட்டு வர."

"அப்ப காயலாங்கட வேணாங்க. அங்க எல்லாம் கிலோ கணக்கு. செகண்ட்ஸ் கடைக்குப் போங்க. மொதல்ல ஒரு பேன் வாங்கிகினு அப்பால மத்ததப் பாருங்க. இந்த ஊர்ல பேன் இல்லாம வெளியூர் ஆளு தாங்க மாட்டீங்க."

அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தே சொல்லியிருக்க வேண்டும். தம்பி வீட்டுக்குப் போய்ப் பையை வைத்த ஐந்தாவது நிமிடத்தில் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. சமையலறையில் ஒரு குண்டான், ஒரு தட்டு. அறையில் ஒரு பாய். சுவரில் போன் சார்ஜர். ஜன்னல் வழியாக வெயில் நேராகப் பாயின் மேல் படுத்திருந்தது. தம்பி அதன் ஓரத்தில் உட்கார்ந்து, "நல்ல காத்தோட்டமான வீடுக்கா" என்றான். இலைகூட அசையவில்லை.

மின்விசிறிக் கடை பேருந்து நிலையத்தை ஒட்டி இருந்தது. எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவது, பழைய மின்விசிறி விற்பது இரண்டும் அங்கே நடக்கும். கூரையின் குறுக்கே ஓர் இரும்புக் குழாய், அதில் எட்டுப் பத்து மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. கீழே ஒரு நீள பெஞ்சு. அதில் பெண்கள், கைக்குழந்தைகள், சித்தூர் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு முழுக் குடும்பம்.

"எல்லாரும் வாங்க வந்தவங்களா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"ஒருத்தருங் கெடயாதுங்க. ஓடிப் பாக்கணும்ல? செகண்ட்ஸ் பேனு அஞ்சு நிமிஷம் நல்லாத்தான் சுத்தும், அர மணி போனாத்தான் அது பவுசு தெரியும். சும்மா ஓடற காத்து, அவங்க குந்திகினு போறாங்க. நீங்களும் குந்துங்க. அர மணிக்கு அப்பால எது சத்தம் போடுது, எது போடலைன்னு அவங்களே சொல்லுவாங்க."

அப்படியே ஆயிற்று. அரை மணி கழித்து, கைக்குழந்தைக்காரி மூன்றாவது விசிறியைக் காட்டி, "இத்த எடுத்துக்கோக்கா, கொழந்த இதுக்குக் கீழதான் அழாம தூங்குது" என்றாள். அதையே வாங்கினேன். எங்கள் ஊரில் கண்ணாடி போட்ட குளுகுளு கடைக்குள் போனால் விற்பனைக்காரப் பையன்கள் பின்னாலேயே வந்து மூச்சுமுட்ட வைப்பார்கள். ஒரு குழந்தையின் தூக்கத்தைச் சான்றாக வைத்து நான் வாங்கிய முதல் பொருள் இதுதான். இன்றுவரை அந்த விசிறி முனகவில்லை.

வியாழக்கிழமை பாத்திரம். மலையடிவாரத்துச் சந்து ஒன்றில் பழைய எவர்சில்வர் பாத்திரக் கடை. கல்யாண மண்டபங்கள் நிறைந்த ஊர் என்பதால் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்தத் தட்டைத் திருப்பினாலும் எழுத்து வெட்டியிருந்தது. ‘திருமண அன்பளிப்பு’. பிரிந்து வாழ்கிறவன் வீட்டுச் சமையலறையில் அந்த எழுத்து வேண்டாம் என்று எனக்குப் பட்டது. குவியலைக் கலைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, தெலுங்கில் ஏதோ. கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா தேடறீங்க?" என்றார். சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய் ஒரு சாக்கைக் கவிழ்த்தார். நான்கு தட்டு, நான்கு தம்ளர், ஒரு தூக்கு. எல்லாவற்றிலும் ‘புதுமனை புகுவிழா’. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

அதே நாள் பிற்பகலில்தான் மேசையைக் கண்டேன்.

சித்தூர் சாலையில், தகரக் கொட்டகை போட்ட பெரிய வளாகம் அது. கட்டில், பீரோ, மூடிய பள்ளிக்கூடங்களின் பெஞ்சு, கடையை மூடியவர்களின் கண்ணாடி அலமாரி என்று வரிசையாக நிற்கும். நடத்துகிறவர் பெயர் கோவிந்தம்மா. ஐம்பது வயதுக்கு மேல், நகரிப் பக்கத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். வாசலில் ஒரு மேசை போட்டு, வெற்றிலைச் செல்லமும் ரசீதுப் புத்தகமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொருளைக் காட்டும்போது அதில் உள்ள குறையை முதலில் சொல்வார். "இது பீரோ, கதவு மழைக்காலத்துல ஒட்டிக்கும். இது கட்டிலு, ஒரு பக்கம் பேசும்." குறையைச் சொல்லியே ஒரு கட்டிலை என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மேசை கொட்டகையின் மூலையில் இருந்தது. வேங்கை மரம். ஒரே ஒரு இழுப்பறை, கால் வைத்துக்கொள்ளக் குறுக்குச் சட்டம், ஓரங்கள் தேய்ந்து வழவழவென்று. நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் நான் நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் வளர்ந்தவள். ஆசையைக் காட்டினால் விலை ஏறும் என்பது பாலோடு ஊட்டப்பட்ட பாடம். மேசையைப் பார்க்காதது போலப் பார்த்து, பக்கத்து ஸ்டூலைத் தட்டினேன்.

கோவிந்தம்மா என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். "இந்த மேச உங்களுக்கு அவசரமாங்க?"

"அவசரமெல்லாம் இல்லம்மா. சும்மா பாக்கேன்."

"நெஜமா அவசரம் இல்லியா?"

"அவசரமே இல்ல. நாளைக்கு வாறேன்."

ஒரு நாள் ஆறப்போட்டால் விலை இறங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, கட்டிலை மட்டும் குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டு வந்தேன். அன்று இரவு தம்பியிடம், "மேசை முடிஞ்ச மாதிரிதான்" என்று பெருமையாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை கொட்டகையின் மூலையில் தூசி படியாத ஒரு சதுரத் தரை மட்டும் இருந்தது.

"அந்த மேசை எங்கம்மா?"

"அத்த நேத்து சாயங்காலமே குடுத்துட்டேங்க. பொதட்டூர்பேட்டையிலேர்ந்து எங்க பாவா வந்து எடுத்துகினு போய்ட்டாரு." பாவா என்றால் அக்கா புருஷன்.

"நான் வாறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"வர்றேன்னு எல்லாருந்தாங்க சொல்லிட்டுப் போறாங்க. நான் உங்கள ரெண்டு தபா கேட்டேன். நீங்கதான அவசரமே இல்லன்னீங்கோ?"

"அவசரம் இல்லன்னா வித்துருவீங்களா?"

"அவசரம் இல்லாததுக்கு எதுக்குங்க எடுத்து வைக்கணும்?"

"அவசரம் இல்லன்னாலும் வேணும்லா!"

"அவசரமும் இல்ல, வேணுமும் வேணும். இது இன்னா பேச்சுங்க?"

நான் குரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். எங்கள் ஊர்ச் சந்தையில் கற்ற சில சொற்களை எடுக்கலாமா என்று யோசித்த நேரத்தில், டீ கொண்டுவந்த பக்கத்துக் கடைக்காரர் கிளாசை வைத்துவிட்டு, கோவிந்தம்மாவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

"யக்கா, நீ கேட்டது தெலுங்கு அவசரம். அந்தம்மா சொன்னது தமிழ் அவசரம்."

அவர் விளக்கியது இதுதான். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ‘இது உங்களுக்குத் தேவையா?’ என்று கோவிந்தம்மா கேட்டிருக்கிறார். தேவையே இல்லை என்று நான் இரண்டு முறை சத்தியம் செய்திருக்கிறேன். முப்பது வருடமாகத் தமிழில் வியாபாரம் செய்கிறவர் அவர். அந்த ஒரு சொல் மட்டும் பிறந்த வீட்டு அர்த்தத்திலேயே வாயில் தங்கிவிட்டது. திருத்தணியில் யாருக்கும் அதனால் தொல்லை வந்ததில்லை. இங்கே எல்லோருக்கும் இரண்டு அவசரமும் தெரியும். தென்கோடியிலிருந்து ஒருத்தி வந்து மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

கோபம் முழுக்க என்மேல் திரும்பியது. தமிழ் அவசரம் என்றே வைத்துக்கொண்டாலும் நான் சொன்னது பொய்தானே? சனிக்கிழமைக்குள் வேண்டும் என்று தவித்துக்கொண்டே, அவசரமில்லை என்று முகத்தை வைத்துக்கொண்டேன். தம்பி இல்லாததை இருக்கு என்பான், நான் வேண்டியதை வேண்டாம் என்பேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். டீயைக் குடிக்க முடியாமல் கண்ணீர் வந்துவிட்டது. தர்ஷினியைப் பற்றி, சாயங்கால ரயிலைப் பற்றி, தம்பி போனில் சொன்ன மேசையைப் பற்றி எல்லாவற்றையும் கோவிந்தம்மாவிடம் கொட்டினேன்.

அவர் கேட்டு முடித்ததும் எழுந்து புடவையை இழுத்துச் செருகினார். "நாளைக்கா வருது பொண்ணு? வாங்க போலாம். பாவாவக் கேட்டா குடுத்துடுவாரு." டீக்காரரிடம், "நைனா, கடையப் பாத்துக்கோ" என்றார். ஒரு வியாபாரி, விற்ற பொருளைத் திரும்பக் கேட்க, கடையை அடுத்தவரிடம் விட்டுவிட்டு என்னோடு பேருந்து ஏறுகிறார். இது எங்கள் ஊரில் நடக்குமா என்று யோசித்தேன். நடக்கலாம், எனக்கு நடந்ததில்லை.

பேருந்தில் பயணிகளைவிட நூல் மூட்டையும் லுங்கிக் கட்டும்தான் அதிகம். நடத்துநர், "யம்மா, இத்தக் கொஞ்சம் மடியில வெச்சிக்கங்க" என்று ஒரு லுங்கிக் கட்டை என் மடியில் இறக்கிவிட்டுப் போனார். யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. நடுவழியில் பேருந்து நின்று, ஓட்டுநர் இறங்கி எதையோ தட்டி, மறுபடி கிளம்பும்வரை இருபது நிமிடம் அந்தக் கட்டைக் குழந்தைபோல வைத்துக்கொண்டு வியர்த்தேன். பொதட்டூர்பேட்டை வந்ததும் தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டது. அங்கே பக்கத்தில் நின்று பேசுவதற்கும் கத்த வேண்டும். பழக்கத்தில் யாரும் அதைக் கத்துவதாகவே நினைப்பதில்லை.

பாவாவின் பெயர் முனிரத்தினம். தையல்காரர். எங்களைக் கண்டதும் சந்தோஷமாக வரவேற்று, கோவிந்தம்மா தெலுங்கில் ஒரு மூச்சில் சொன்னதைக் கேட்டு, மெல்ல வாயில் கை வைத்தார். பிறகு ஓரமாக நகர்ந்து நின்றார். அவருக்குப் பின்னால் என் மேசை. தையல் மிஷினோடு ஒட்டிப் போட்டிருந்தது. மிஷின் உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும் என்று நான்கு கால்களையும் அறுத்திருந்தார். அறுத்த துண்டுகள் நான்கும் சுவரோரம் ஒழுங்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன.

"காலைலதாங்க அறுத்தேன்" என்றார். "ஆணி அடிச்சி மறுபடி சேத்துத் தரட்டுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் கூடவே. கோவிந்தம்மா அவரை ஏதோ திட்டினார். அவர் பாவம், காசு கொடுத்து வாங்கிய மேசையின் காலை அறுத்ததற்காகத் திட்டு வாங்கினார். ஆனால் சும்மா இருக்க அவருக்கு மனசு வரவில்லை. "ஜன்னலுக்குத் திரை இருக்குதுங்களா?" என்றார். இல்லை என்றேன். ஜன்னல் அளவு கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். உள்ளேயிருந்து தறியில் ஓரம் பிசகிப்போன லுங்கித் துணி எடுத்துவந்தார். சிவப்பும் பச்சையும் கட்டம் போட்டது, தண்ணீர்போல மெத்தென்று இருந்தது. கம்பி நுழைக்க மடிப்பு வைத்து, அரை மணி நேரத்தில் இரண்டு திரை தைத்துக் கையில் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "புடிக்கலன்னா எடுத்துகினு வாங்க, வேற துணியில போட்டுத் தரேன்." பிடிக்காமல் போகுமா? ஜவுளிக் கடையில் ஆயிரம் விதத் திரைச்சீலை இருக்கலாம். தெரியாமல் செய்த தவறுக்காக ஒருவர் உட்கார்ந்து தைத்துக் கொடுத்த திரையை எங்கே வாங்குவது? மடியில் வைத்துத் தடவிக்கொண்டே திரும்பி வந்தேன்.

மேசை மட்டும் இல்லை. திருத்தணிக்கு வந்து சேரும்போது மணி நான்கு. கொட்டகையில் உருப்படியான வேறு மேசை கிடையாது. இருந்த இரண்டில் ஒன்று இரும்பு, துருப்பிடித்தது, மற்றொன்று நொண்டி. கோவிந்தம்மா கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். அப்புறம் தன்னுடைய மேசையிலிருந்து வெற்றிலைச் செல்லத்தை எடுத்துக் கீழே வைத்தார். ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். இழுப்பறையை வெளியே இழுத்து, சாவி, ஊக்கு, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கவிழ்த்தார். முந்தானையால் மேல்பலகையைத் துடைத்தார். நல்ல தேக்கு. அன்றுவரை அதன்மேல் இருந்த சாமான்களால் எனக்கு அது மேசையாகவே தெரியவில்லை.

"இத்த எடுத்துகினு போங்க."

"ஐயோ, நீங்க எதுல வச்சு வியாபாரம் பண்ணுவீங்க?"

"டயர் கீது, மேல பலக போட்டுக்குவேன். எனக்கு இது அவசரம் இல்லீங்க." சொல்லிவிட்டு, நான் எந்த அவசரமாக எடுத்துக்கொண்டேன் என்று என் முகத்தைப் பார்த்தார். இருவரும் சிரித்தோம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு தர்ஷினி வந்தாள். ரயிலடிக்குத் தம்பி மட்டும் போனான். நான் அதற்குள் வீட்டை நாலு முறை கூட்டினேன். விசிறி ஓடுகிறது, கட்டில் விரித்திருக்கிறது, தட்டு அடுக்கியிருக்கிறது, ஜன்னலில் என் திரை, அதன் கீழே மேசை. தர்ஷினி என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். "நல்லாருக்கீங்களா அத்தை?" என்று கேட்டாள், விருந்தாளியிடம் கேட்பது போல. செருப்பைக் கழற்றி, அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தால் வசதியாக இருக்கும்படி, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

சுற்றிப் பார்த்தாள். நேராக மேசையிடம் போய் இழுப்பறையைத் திறந்து மூடினாள். கையை ஊன்றி அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை.

"நெஜமாவே மேசை இருக்கு" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற குரல்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிமிடத்தில் என் தம்பி வாயைத் திறந்தான்.

"நேத்து சாயங்காலந்தான் மக்ளே வந்துது. உங்கிட்ட போன்ல இருக்குன்னு சொன்னப்ப இல்ல. பொய் சொல்லிட்டேன். பொறவு அத்தையைக் கூப்பிட்டேன்."

சமையலறையில் நின்றுகொண்டு பல்லைக் கடித்தேன். அட மடையா! இரண்டு நாள் நாயாக அலைந்து, ஒரு வியாபாரியை டயர்மேல் கடை விரிக்க வைத்துவிட்டு வந்தது இதற்காகவா? மேசை கண்முன்னே நிற்கிறது. யாரும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்கச் சொல்லாத உண்மையை இன்றைக்குத்தானா சொல்ல வேண்டும்?

தர்ஷினி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தது போல எனக்குத் தோன்றியது. தம்பியின் காது சிவந்திருந்தது. பிறகு அவள் கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, ஜன்னல்ல எதுக்கு உங்க லுங்கியக் காயப் போட்டிருக்கீங்க?"

"அது திரை" என்றேன் நான், சமையலறையிலிருந்து.

"எது?"

"திரைச்சீலை. பொதட்டூர்பேட்டைல தைச்சது."

"அத்தை, அது லுங்கி." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். சுயம்புவும் சிரித்தான். இரண்டு பேரும் ஒரே மாதிரி, தோள் குலுங்க, சத்தமே வராமல் சிரித்தார்கள். எனக்கு உள்ளபடியே வலித்தது. அந்த வீட்டில் நான் மிகவும் பெருமைப்பட்ட பொருள் அதுதான்.

"என் பிரெண்ட்ஸ் வீடியோ கால் பண்ணா பின்னாடி லுங்கி தெரியும். இத மாத்தணும்ப்பா. மாத்த முடியுமா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே முனிரத்தினத்தின் எண்ணைக் கொடுத்தேன். அவர் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவே கத்தினார். "ஆங், மாத்திக்கலாம், மாத்திக்கலாம்! இன்னிக்கு கட தொறக்கலீங்க. நாளிக்குக் காலைல வாங்க. பொண்ணக் கூட்டிகினு வாங்க, அதுவே வந்து துணி எடுக்கட்டும்!"

தம்பி போனை வைத்தான். வழக்கமாக இந்த இடத்தில்தான் அவன் எதையாவது இட்டுக்கட்டுவான். "நாளைக்குத்தான் முடியுமாம்" என்று மட்டும் சொன்னான்.

தர்ஷினி தோளிலிருந்த பையை மேசைமேல் வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, ஒட்டுக்கேட்பது தப்பு என்று நன்றாகத் தெரிந்தும், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ம்மா, இன்னிக்கு வரலம்மா. நாளைக்குத்தான் வருவேன்... ஜன்னல்ல லுங்கி தொங்குதும்மா, போய் மாத்தணும்... ஆமா, மேசை இருக்கு. ஆனா நேத்துதான் வந்துச்சாம். முன்னாடி பொய்யாம்... இல்லம்மா, நான் கண்டுபுடிக்கல. அப்பாவே சொன்னாரு."